பிறவினை

பத்தரமுல்லை, ஆறாம் மாடி.
கரிம அறிக்கையின் தமிழ் என் பொறுப்பு.
நூற்றிப் பன்னிரண்டு பக்கம், வெள்ளிக்கிழமைக்குள்.
சிங்களம் அச்சுக்குப் போய்விட்டது.
ஆங்கிலம் ஜெனீவாவுக்கே போய்விட்டது.
தமிழ் எப்போதும்போல
கடைசி பஸ்ஸைத் துரத்திக்கொண்டு வருகிறது.

முதல் முப்பது பக்கம் இலகு.
இலக்கு, செயற்றிட்டம், வழிவரைபடம்,
பங்குதாரர் கலந்துரையாடல், தேநீர் இடைவேளை.
(தேநீர் நான் சேர்த்தது. பிறகு அழித்துவிட்டேன்.)

முப்பத்தேழாம் பக்கத்தில் ஒரு கோடு.
வருடா வருடம் ஏறிக்கொண்டே வந்து
அந்த ஒரு வருடத்தில்
படியில் கால் தவறினவள் மாதிரி விழுகிறது.
கீழே ஒரு வசனம்:
கொள்கைகளின் பயனாக உமிழ்வு

அதோடு நின்றுவிட்டேன்.
குறைந்தது என்று எழுதலாம்.
குறைத்தோம் என்றும் எழுதலாம்.
மெல்லினம் வந்தால் தானாய் நடந்தது,
வல்லினம் வந்தால் யாரோ செய்தது.
தன்வினை பிறவினை என்று வகுப்பில் ஒப்புவித்தபோது
அந்த ஓர் ஒற்றெழுத்துக்குப் பின்னால்
ஒரு அரசாங்கம் ஒளிந்துகொள்ள இடமிருக்கும் என்று
எனக்குத் தோன்றவில்லை.

அந்த வருடத்தை எனக்குத் தெரியும்.
தெமட்டகொடை பெற்றோல் செற்றிலிருந்து
பேஸ்லைன் வீதிவரை ஓட்டோக்கள்.
நிஸ்தார் நாநா மூன்று இரவு அதற்குள்ளேயே படுத்தார்,
மணிக்கட்டில் நீல மையில் 214.
நான்காம் நாள், 190 உடன் எண்ணெய் முடிந்தது.
கொட்டாஞ்சேனையில் எங்கள் பக்கத்து வீட்டு மெரில்டா
சீதன அலுமாரியின் கதவை உடைத்துச் சோறு வடித்தாள்.
விறகு கரிமச் சமநிலை உடையது: பின்னிணைப்பு நான்கு.
அலுமாரி பற்றி அங்கே ஒன்றுமில்லை.
வானம் கழுவிவிட்டதுபோல் இருந்தது, அதுவும் உண்மை.
மேல்மாடியில் நின்றால்
சிவனொளிபாதமலை தெரிகிறது என்றார்கள்.
நான் பார்க்கவில்லை,
கரண்ட் இல்லை, லிஃப்ட் ஓடவில்லை.

பணிப்பாளர் லியனகமகேயிடம் போய்க் கேட்டேன்.
நல்ல மனிதர், மதியத்துக்குச் சோற்றுப் பார்சல்,
பிளாஸ்டிக் கரண்டி தொடமாட்டார்.
“எப்படிக் குறைந்தால் என்ன, மிஸ்?
வளிமண்டலத்துக்கு இலக்கணம் தெரியாது” என்றார்.
சரிதான்.
ஆனால் எண்ணெய்க் கப்பல் வந்த மறு வருடம்
கோடு எழுந்து நடக்கிறதே, சேர்,
காலில் ஒரு சுளுக்குக்கூட இல்லாமல்.
அவர் ஜன்னலைப் பார்த்தார்.
கீழே ஜெனரேற்றர் இருமிக்கொண்டிருந்தது.

நியாயமாகச் சொன்னால்
அறுபத்துமூன்றாம் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை உண்டு.
ஒரு வீதியில் பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை விட்ட பத்து வாரம்.
கார்க்காரர் சிலர் காரை வீட்டில் விட்டிருக்கிறார்கள்.
தசமத்துக்குப் பின்னால்தான், என்றாலும் குறைத்திருக்கிறார்கள்.
அங்கே வல்லினம் போட என் கை கூசவில்லை.
அடுத்த பந்தி: முறைப்பாடுகள். அடுத்தது: இடைநிறுத்தம்.
மஞ்சள் கோடு இன்னும் கிடக்கிறது,
அதன்மேல் ஒரு ஜீப் நிற்கிறது.

கடைசியில் மூன்றாவது சொல் ஒன்று இருந்தது.
குறைக்கப்பட்டது.
செய்தவரைக் கேட்காத வினை.
திணைக்களம் முழுவதும் அதில்தான் மூச்சு விடுகிறது.
தட்டினேன். யாரும் சிவப்பால் சுழிக்கவில்லை.

வெள்ளி மாலை 171 நிரம்பி வழிந்தது.
வீதியோரத்தில் நிஸ்தார் நாநா கண்டு நிறுத்தினார்.
கண்ணாடியில் புகைச் சான்றிதழ், பின்னால் புகை.
“மின்சார ஓட்டோவா மாத்தித் தாறம் எண்டாங்க,
ஃபோம் போட்டு ஒன்றரை வருஷம், மிஸ்.”
சீற்றுக்கு அடியிலிருந்து கடிதத்தை எடுத்து
பின்னால் நீட்டினார்.
தங்கள் விண்ணப்பம் பரிசீலிக்கப்படுகிறது.

சொல் என்னுடையது.
போன வருடம், ஒரு செவ்வாய்க்கிழமை,
மூன்று நிமிடத்தில் மொழிபெயர்த்தது.

பொரளைச் சந்தியில் சிவப்பு.
நூறு செக்கனுக்குமேல் காட்டியது.
யாரும் சொல்லாமல்
அவர் என்ஜினை அணைத்தார்.